உடம்பறிந்து உடை கண்ட ஞானதாநந்தினி தேவியார்

தமிழிலே ஆடையைக் குறிக்கும் சொற்களுள் துணி என்பது ஒன்று; அறுவை என்பது மற்றொன்று. தறியினின்றும் துணிக்கப்படுவது துணி, அறுக்கப்படுவது அறுவை. வெட்டுதலாகிய தொழிலே இவ்விரு பெயர்க்கும் காரணமாயிற்று. தைத்த உடை நமக்கு நேற்று வந்ததென்று கருதுவார் பலர். அஃது அத்துணைப் புதியதன்று. முல்லைப்பாட்டு, யவனர் அணிந்த சட்டையை மெய்ப்பை எனச் சுட்டுகின்றது. சிலப்பதிகாரம், மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை எண்ணுமிடத்துத் துன்னகாரரையும் உடன் வைத்து எண்ணுகின்றது. துன்னகாரராவார் தையற்காரர்.

எனினும், நெடுங்காலம் நம் பெண்டிர் பெரும்பாலும் வெட்டாத ஆடையையே உடுத்து வந்தனர். வெட்டாத ஆடைக்குத் தனக்கென ஓர் அளவில்லை. மெலிந்தாரும் தடித்தாரும் நெடியாரும் குறியாரும் தத்தமக்கு ஏற்றவாறு அதனைச் சுற்றிக் கொள்வர். வெட்டித் தைத்த உடையோ அத்தகையதன்று. கத்தரிக்கோல் புகுந்தவுடனே, இது யாருடைய உடம்புக்கு என்னும் வினாவும் புகுந்துவிடுகின்றது. அவ்வினாவை எழுப்பாமல் வெட்டியதனால் வந்த துன்பமொன்றை எங்கள் ஊராகிய ஆரையம்பதியிலே, என் வீட்டுத் திண்ணையிலேயே யான் காண நேர்ந்தது.

என் தங்கையின் மகள் தையலில் விருப்பமுடையவள். சென்ற தைப்பொங்கலுக்கென மருதமுனைக் கைத்தறித் துணி மூன்று யார் வாங்கி, அச்சிட்ட கடதாசி வெட்டுமாதிரி ஒன்றையும் தேடிப் பெற்றுத் தனக்கொரு பாவாடை தைத்தாள். மாதிரியின் உறையில் வரையப்பட்டிருந்த பெண் மூங்கிற் கழைபோல் நெடியவள். உறையிலிருந்த எண்களுள் இடையளவு ஒன்றையே இவள் நோக்கினாள். தைத்து முடித்து உடுத்தபோது இடை பொருந்திற்று. இடுப்பின் கீழே துணி இறுகிற்று. திண்ணையில் உட்கார்ந்தாள், பக்கத் தையல் பிரிந்தது. துணி வீணாயிற்றே என்று அவள் வருந்தியிருப்பின் யான் இதனை எழுதவேண்டியதில்லை. தன் உடம்பே பிழையானதென்று அவள் அழுதாள். அதுவே என் நெஞ்சைத் தைத்தது. கடதாசியிற் கீறிய கோடு சரியென்றும், கடவுள் தந்த உடம்பு பிழையென்றும் ஒரு பிள்ளை எண்ணுமாயின், அப்பிள்ளைக்கு நாம் புகட்டிய கல்வியிலே எங்கோ குறையுண்டு.

அன்றிரவு அவளுக்கு யான் ஒருவருடைய வரலாற்றைச் சொன்னேன். ஏறக்குறைய அவள் வயதிலேயே, தன் உடம்புக்கு ஒவ்வாத உடையிலே அகப்பட்டு, அழுது ஓயாமல், தனக்கும் தன் நாட்டுப் பெண்டிர்க்கும் ஏற்ற உடையைத் தேடிக்கொண்ட ஒருவருடைய வரலாறு அது. அவரே ஞானதாநந்தினி தேவியார்.

தேவியார் 1850ஆம் ஆண்டு யூலை மாதம், இன்று வங்காளதேசத்தில் உள்ள யசோர்ப் பகுதியிலே, நரேந்திரபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அக்கால வழக்கப்படி ஏழெட்டு வயதிலேயே மணம் முடிந்தது. புகுந்த வீடு கல்கத்தா யோறாசாங்கோவிலுள்ள தாகூர் மாளிகை. கணவர், மகரிஷி தேவேந்திரநாதரின் இரண்டாம் மைந்தராகிய சத்தியேந்திரநாதர். பின்னாளில் உலகம் போற்றிய கவிஞர் ரவீந்திரநாதர், தேவியார் மணமகளாய்ப் புகுந்தபோது பிறந்திருக்கவில்லை. அவர் பிறந்தது 1861இலே தான்.

அம்மாளிகை செல்வமும் கல்வியும் நிறைந்தது. ஆயினும் அதன் உள்வீட்டுப் பெண்டிர்க்கு வெளிவாயில் இல்லை. அவர்கள் உடுத்ததோ ஒற்றைச் சேலை. உள்ளே பாவாடையும் இல்லை, மேலே சட்டையும் இல்லை. உள்வீட்டுக்குள் அதனால் இடர் ஏதும் தோன்றவில்லை. பிறர் கண்படாத இடத்தில் அதுவே வசதியான உடை. ஆனால் அவ்வுடையோடு அவர்கள் வெளியே வருதல் இயலாது. வெளியே வாராமைக்கு உடை காரணமாயிற்று. வேறுடை தோன்றாமைக்கு வெளியே வாராமை காரணமாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று கட்டிய கயிறாய் நின்றன.

அக்கயிற்றை அறுக்க முதலில் விரும்பியவர் சத்தியேந்திரநாதர். அவர் 1862இல் இங்கிலாந்து சென்று, 1863இல் சிவில் சேவைத் தேர்விலே தேறி, அச்சேவையிற் சேர்ந்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். அங்கே பெண்கள் ஆடவரோடு ஒப்ப நடமாடுதலைக் கண்ட அவர், தம் மனைவியும் அங்கே வந்து கற்கவேண்டுமென விரும்பினார். தந்தையார் அதற்கு இசையவில்லை. வீட்டிலேயே மைத்துனர் ஏமேந்திரநாதரிடத்துத் தேவியார் பாடங்கேட்டார். கணவர் எழுதிய கடிதங்களும் அவர்க்கு ஓர் ஆசிரியராயின.

1864இல் சத்தியேந்திரநாதர் மீண்டுவந்து பம்பாய் மாகாணத்திலே பதவியேற்கப் புறப்பட்டபோது, மனைவியை உடனழைத்துச் செல்லத் தந்தையார் இசைந்தார். அப்போது தேவியார்க்கு வயது பதினான்கு. ஆடவர் பலரிடையே கப்பலேறிச் செல்லும் பெண் எதனை உடுத்துச் செல்வது? வங்காளத்து உயர்குடிப் பெண்ணொருத்தி வெளியே உடுத்துச் செல்வதற்கென வகுத்த உடையொன்று அன்று வழக்கில் இல்லை. ஆகவே கல்கத்தாவிலிருந்த பிரெஞ்சுத் தையற்காரரிடம் கீழைநாட்டு உடை என்னும் பெயரால் ஓர் உடை தைப்பித்தனர். அஃது எந்தக் கீழைநாட்டிலும் எவரும் உடுத்திராத உடை. தையற்காரர் தம் மனத்திலே கற்பித்துக்கொண்ட ஒரு கிழக்கு தேசத்துக்கு அதனை வெட்டியிருந்தார். தேவியாரால் அதனைத் தாமாக அணியவும் இயலவில்லை. கணவரின் துணைகொண்டே அதற்குட் புகவேண்டியிருந்தது. தலைவாயில் வழியே நடந்து சென்று வண்டியேறுதலும் அவர்க்கு வாய்க்கவில்லை. மூடுபல்லக்கிலே வைத்துக் கப்பலடியிற் கொண்டுபோய் இறக்கினர். பல்லக்கு ஒருபுறம் மூடிற்று. அவ்வுடை மற்றொருபுறம் இறுக்கிற்று.

இவ்விடத்தே, அதே காலத்தில் உலகின் மறுபுறத்தில் நிகழ்ந்ததொன்றையும் நினைத்தல் பொருந்தும். அமெரிக்காவில் மசச்சூசெற்சு மாநிலத்துத் தேர்லிங் என்னும் ஊரில் எபனேசர் பட்டறிக்கு என்றொரு தையற்காரர் வாழ்ந்தார். அக்காலத்து வெட்டுமாதிரிகள் பெரும்பாலும் ஒரே அளவில் வந்தன. வாங்கியவர் தம் அளவுக்குத் தாமே கூட்டியும் குறைத்தும் துன்புறவேண்டும். அவருடைய மனைவியார் எல்லன் இக்குறையை எடுத்துரைத்தார் என்பர். 1863இல் பட்டறிக்கு, ஒரே உடைக்குப் பல அளவுகளிலே கடதாசி மாதிரிகளை வெட்டி விற்கத் தொடங்கினார். முதலில் ஆடவர்க்கும் சிறுவர்க்கும், 1866 முதல் பெண்களுக்கும் அவை வந்தன. இன்று கடைகளில் வரும் மாதிரி உறைகள் மேல் அச்சிடப்பட்டிருக்கும் அளவு எண்கள் அந்த மரபிலே வந்தவை. உடம்புகள் பல, ஆகவே மாதிரியும் பலவாகவேண்டும் என்னும் எளிய உண்மையை ஓர் இல்லத்தரசியின் குறைமொழி உலகுக்கு உணர்த்திற்று. அங்கே அவ்வுண்மை கடதாசியில் உருப்பெற்ற மறு ஆண்டிலேயே, இங்கே பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி தன் உடம்பை நோக்காது வெட்டிய உடைக்குள்ளே அடைபட்டிருந்தாள்.

பம்பாயை அடைந்த தேவியாரும் கணவரும், மாணக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெரியார் இல்லத்திலே சில மாதம் தங்கினர். அப்பெரியார் பெண்கல்விக்காக உழைத்தவர். பம்பாயிலே 1863இல் அலெக்சாந்திரா பெண்கள் கல்வி நிலையம் தோன்றக் காரணமாயிருந்தவர். அவருடைய பெண்மக்கள் கற்றவர்கள். ஆடவர் முன்னிலையில் அச்சமின்றி உரையாடுபவர்கள். அவர்கள் உடுத்ததும் சேலையே. ஆனால் உள்ளே தைத்த உடையோடு கூடிய சேலை.

தேவியார் அவர்களிடம் நாணமின்றி நடமாடுதலைக் கற்றார். உடுத்தும் முறையையும் கண்டு ஆராய்ந்தார். அவருடைய அறிவின் திறம் விளங்குவது இவ்விடத்திலே தான். பிரெஞ்சுத் தையற்காரர் தந்ததை அவர் கைவிட்டார். அதற்காகப் பார்சிப் பெண்டிரின் முறையையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் முந்தானையை வலத்தோளின் மேல் இட்டனர். தேவியார் அதனை இடத்தோளின் மேல் இட்டார். வலக்கை தடையற நிற்கவேண்டும் என்பதே காரணம். எழுதுவதும் வணங்குவதும் பிறரை வரவேற்பதும் பிள்ளையைத் தூக்குவதும் அக்கையாலன்றோ? தோள் மாறியது சிறு மாற்றம். அதன் பின்னே நின்ற எண்ணம் பெரிது. இவ்வுடையோடு இவ்வுடம்பு என்ன செய்யப்போகின்றது என்று அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். உட்கார்ந்திருக்கும் ஓவியத்துக்கு வெட்டுவது வேறு. தொழில்செய்யும் உடம்புக்கு வெட்டுவது வேறு.

சேலையோடு சட்டையும் உட்பாவாடையும் சேர்ந்தன. உட்பாவாடை கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் சேலையின் நிலைபேறெல்லாம் அதன்மேலேயே தங்கியிருக்கின்றது. நாடாவால் இடையில் இறுகிய அதிலே தான் கொய்சகம் செருகப்படுகின்றது. அதன் வெட்டு நேரிய பைபோல் அமையின் ஒன்று, மேலே துணி திரண்டு வயிறு பருத்துத் தோன்றும். அல்லது, கீழே அடி எடுத்துவைக்க இடமின்றிக் கால் தட்டும். மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற துண்டுகளாக வெட்டி இணைத்தால் இடையிலே தடிப்பின்றி நிற்கும். காலடியிலே நடைக்கு இடங்கொடுக்கும். அக்காலத்து ஐரோப்பிய மாதர் உருக்கு வளையங்கட்டி விரித்த பெரும்பாவாடைகளை அணிந்தனர். அவற்றையும் தேவியார் கண்டிருந்தார். ஆனால் பாவாடையைச் சேலைக்கு ஏவலாக உள்ளே வைத்தாரேயன்றி, சேலையை நீக்கிப் பாவாடையை அரசாக வெளியே வைக்கவில்லை. பிறநாட்டுப் பொருளை நம் உடம்பின் தேவைக்குப் பணிசெய்ய வைத்ததே அவர் செய்தது.

கல்கத்தாவுக்கு மீண்ட காலத்திலே அவர் இன்முகத்தோடு ஏற்கப்படவில்லை. மாளிகை வாயிலிலே பலரறிய வண்டியிலிருந்து இறங்கிய மருமகளைக் கண்டு வீட்டார் திகைத்தனர். உறவினர் பலர் அவரோடு கலந்து பழகவும் தயங்கினர். 1866இல் இராசப்பிரதிநிதி லாரன்சுப் பிரபுவின் மாளிகையிலே நிகழ்ந்த விருந்துக்குத் தேவியார் சென்றபோது, குலத்து முதியவர் ஒருவர் அவரை அங்கே கண்டு நாணி வெளியேறினார் என்று சொல்லப்படுகின்றது. பதினாறு வயதினர் ஒருவர் இவற்றையெல்லாம் தாங்கினார். உடையைப் பற்றிய வழக்கு என்றும் உடையளவில் நிற்பதில்லை. உடுத்தவள் எங்கே செல்லலாம் என்பதே அதன் உள்ளுறை.

தேவியார் தாம் கண்டதைத் தமக்கென மறைத்து வைக்கவில்லை. வாமாபோதினி என்னும் வங்காள மாதர் இதழிலே, தம்மிடம் வருவார்க்கு அம்முறையைக் கற்பிப்பதாக அறிவித்தார். வந்து கற்றனர் சிலர். அவர்பாற் கண்டு கற்றனர் பலர். பிரமசமாசத்துப் பெண்டிர் விரைந்து ஏற்றுக்கொண்டமையால் அது பிரமிகைச் சேலை என்றும் பெயர் பெற்றது. இன்று நம் ஊர்களிற் பெரும்பாலும் காணப்படும் முறை அப்படியே அவர் தந்ததன்று. கொய்சகம் அமைத்தலிலும் ஊசி குத்துதலிலும் பின்வந்தோர் பல திருத்தம் செய்தனர். கூச்பிகார் மகாராணி சுனீதி தேவியாரின் பங்கும் அதில் உண்டு. எனினும் இடத்தோள் முந்தானையும், உட்பாவாடையும், சட்டையும் ஒருங்கே இயைந்த அமைப்புப் பரவியமைக்குத் தேவியாரின் முயற்சி ஒரு தோற்றுவாய் எனலாம்.

ஒரு மறுப்பையும் ஈண்டுச் சொல்லவேண்டும். அம்முறை பரவப் பரவ, சட்டையின்றிச் சேலையுடுத்த முதியோரின் பழைய வழக்கு நாகரிகமற்றதெனச் சிலராற் பழிக்கப்பட்டது. அஃது அறமன்று. எங்கள் வாவிக்கரையிலும் வயற்புறத்திலும் சேலையைத் தூக்கிச் செருகி வேலைசெய்யும் பெண்ணின் உடைமுறை, அவள் தொழிலுக்கும் வெயிலுக்கும் இசைந்தது. அதனை விடுத்து மாளிகை மாதரின் முறையை அவள்மேல் ஏற்றுவது, பிரெஞ்சுத் தையற்காரர் தேவியார்க்குச் செய்ததை நாம் மற்றொருத்திக்குச் செய்வதாகும்.

தேவியாரின் துணிவுக்குப் பின்னும் சோதனை வந்தது. 1877இல் கணவர் உடன்செல்லாத நிலையிலே, குழந்தைகளை அழைத்துக்கொண்டு, கருவுற்ற உடம்போடு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே இரு குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1878இல் கணவரும் இளைஞரான ரவீந்திரநாதரும் வந்து சேர்ந்தனர். 1880இல் நாடு திரும்பிய பின்னர், 1885இல் பாலக் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கி நடத்தினார். அதற்கு ரவீந்திரநாதர் நிரம்ப எழுதினார். சிறுவர்க்கான நாடகங்களையும் தேவியார் எழுதினார். மைந்தர் சுரேந்திரநாதரும் மகளார் இந்திரா தேவியாரும் கல்வியிற் சிறந்து விளங்கினர். மகளார் 1956இல் விசுவபாரதியின் துணைவேந்தர் பொறுப்பையும் தாங்கினார். தாயாரின் நினைவுகளைப் புராதனி என்னும் நூலாகத் தொகுத்து உலகுக்கு அளித்தவரும் அவரே. 1941ஆம் ஆண்டு ஆகத்து மாதம் ரவீந்திரநாதர் மறைந்தார். இரண்டு மாதம் நிரம்பு முன்னர், ஒக்ரோபர் முதல் நாள், தேவியாரும் தம் தொண்ணூற்றோராம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கேட்டு முடித்த என் தங்கை மகள், தன் பாவாடைக்கும் இதற்கும் என்ன இயைபு என்று வினவினாள். நல்ல வினா. தையல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரையும் துணைக்கொண்டு, அவளும் யானும் கண்ட விடையை மாணவியர்க்குப் பயன்படுமென எண்ணிச் சுருங்கத் தருகின்றேன்.

முதலில் மாதிரியை நோக்காது, உடம்பை அளத்தல்வேண்டும். இடை, இடுப்பின் மிக அகன்ற இடம், இடையிலிருந்து பாவாடை முடியும் இடம் வரையுள்ள நீளம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. உடம்போடு ஒட்டிவரும் பாவாடையாயின் இடுப்பளவு கொண்டே மாதிரியைத் தெரிந்தெடுத்தல் முறை. இடையைப் பின்னர் ஒடுக்கவோ நெகிழ்க்கவோ எளிதில் இயலும். இடுப்பிலே துணி போதாதாயின் உய்வில்லை. சுருக்கு வைத்து விரிந்துவரும் பாவாடையாயின் இடையளவு கொண்டு தெரியலாம். ஒட்டிவரும் பாவாடையிலும் இடுப்பளவுக்கு மேல் இரண்டு அங்குலமேனும் இடம் விடுதல்வேண்டும்; நிற்கும்போது உள்ள அளவன்று இருக்கும்போது உள்ள அளவு.

அடுத்து, உடம்பின் அமைப்பு. இடை சிறுத்து இடுப்பு அகன்றவர்க்கு, மேலே ஒட்டிக் கீழே சிறிது சிறிதாக விரியும் வெட்டு நன்கு பொருந்தும். இடையும் இடுப்பும் ஏறக்குறைய ஒத்திருப்பவர்க்குச் சுருக்கோ மடிப்போ வைத்த வெட்டு இடையை எடுத்துக் காட்டும். வயிறு சற்று முன்னிற்பவர் முன்புறத்துச் சுருக்கை விலக்கிப் பக்கங்களில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். குறியவர் கீழ்விளிம்பிலே அகன்ற குறுக்குப்பட்டி வைத்தால் மேலும் குறியராய்த் தோன்றுவர்; நெடுக்காக ஓடும் தையலும் கோடும் அவர்க்கு உதவும். துணியின் இயல்பையும் மறத்தலாகாது. விறைத்த கைத்தறி மடிப்புக்கு ஏற்றது. குழைந்த துணி விரிவுக்கு ஏற்றது. முதலிற் பழந்துணி ஒன்றிலே வெட்டி இழையோட்டிப் பார்த்து, நடந்து, இருந்து, குனிந்து நோக்கிய பின்னரே புதுத்துணியிற் கத்தரிக்கோல் வைத்தல்வேண்டும்.

இவையெல்லாம் கட்டளைகள் அல்ல, துணைகள். தன் விருப்பத்தால் ஒருத்தி வேறுவகையாக உடுப்பாளாயின், அது அவள் உரிமை.

பாவாடை என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் ஒன்றுண்டு. பெரியோர் நடந்து வரும் வழியிலே அவர் அடிபடும்படி பரப்பிய துணிக்கும் அதுவே பெயர். பரவிய ஆடை பாவாடை. வருபவர்க்குத் துணி விரிக்கப்பட்டதேயன்றித் துணிக்காக வருபவர் தம் அடியைச் சுருக்கிக்கொள்ளவில்லை. அச்சொற்பொருளை அவளிடம் சொன்னபோது, அழுத முகத்திலே சிரிப்பு வந்தது.

பிரிந்த பாவாடையை அவள் எறியவில்லை. பக்கத் தையல்களை முற்றும் பிரித்து, எஞ்சிய துணியிலிருந்து மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற இரு துண்டுகளை வெட்டி இருமருங்கும் இணைத்தாள். நிறம் சிறிது வேறுபடும் கரைப்பகுதியே எஞ்சியிருந்தமையால் இரு பக்கமும் கோடிட்டாற்போல் தோன்றிற்று. அதனையே உடுத்துப் பொங்கலன்று கந்தசுவாமி கோயிலுக்கு வந்தாள். எவ்விடத்து வாங்கியதென அவளுடைய தோழியர் வினவினர். தன் அளவுக்குத் தானே வெட்டியது என்று அவள் நிமிர்ந்து நின்று விடையிறுத்ததை, யான் கோயில் வீதியிலே நின்று கேட்டேன்.